பந்தும் கட்டைவிரலும்

இடது கை பந்தை விட்டது. வலது கையின் கட்டைவிரல் ஒரு சின்னப் பெட்டியை அழுத்தியது. பந்து தரையில் பட்டு மேலே வந்ததும் அதே இடது கை அதைப் பிடித்து மறுபடியும் தோளுக்கு நேரே தூக்கியது. விடுவது, அழுத்துவது, பிடிப்பது. சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் இதைச் செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் முட்டைக்கோஸ் பாதி நறுக்கியபடி கிடந்தது.

நான் பையோடு வாசலில் நின்றேன். இடுப்பெலும்பு உடைந்த ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கையில் பந்தைக் கொடுத்துப் பழக்குவது உண்டு. சொன்னவர்கள் எதையோ மாற்றிச் சொல்லிவிட்டார்கள், நோயாளி இவள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். எந்தக் கை சரியாக வரவில்லை என்று கேட்டேன்.

அவள் இன்னொரு முறை விட்டு, அழுத்தி, பிடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். "ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. படுத்திருக்கறது எங்க அக்கா. உள்ள."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் வெகுகாலம் உட்கார்ந்த குரல் அது என்று பிறகு தெரிந்தது. "அவளையும் சேத்துப் பாத்துக்கோங்க நர்ஸம்மா. எனக்கு எலும்பு மட்டும்தான் போச்சு."

பல்லி மிஸ்ஸை நான் முதலில் பார்த்தது இப்படித்தான். அந்தப் பெயர், அவள் மாலையில் பயிற்சி கொடுக்கும் மைதானத்துப் பிள்ளைகள் வைத்தது. கையில் இருந்த பெட்டிதான் காரணம். தீப்பெட்டியைவிடச் சின்னது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு தகர நாக்கு. அழுத்தினால் சுவரில் பல்லி சத்தம் கொடுப்பதுபோல 'டக்' என்று கேட்கும். அதற்குக் கிளிக்கர் என்று பெயர். அவளுக்குப் பட்டப்பெயரில் வருத்தம் ஒன்றும் இல்லை. இதற்கு முன் வைத்திருந்த பெயரைவிட இது நல்ல பெயர் என்றாள். முந்தைய பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை.

வீடு மாடியில். கீழே டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. மேலே ஒரு சமையலறை, அக்காவின் அறை, இரண்டுக்கும் நடுவில் கட்டிலைக்கூடத் திருப்ப முடியாத குறுகலான ஒரு இடைவழி, தெருவைப் பார்த்த பால்கனி. தங்கை இரவில் இடைவழியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள், நான் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தாள்; ஆஸ்பத்திரியில் எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். காயம் நன்றாக ஆறியிருந்தது. வாக்கர் பிடித்து நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் அந்த அம்மா நடக்க மாட்டேன் என்று படுத்திருந்தாள். வலி ஒரு பங்கு, பயம் ஒரு பங்கு, மிச்சம் பிடிவாதம். எழுப்பினால் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போய்விட்டு, மலையேறிவிட்டு வந்ததுபோல மூச்சு வாங்குவாள். நாளைக்குப் பார்க்கலாம் என்பாள். என் தொழிலில் அதிகம் கேட்கும் சொல் அது.

என் வேலை அக்காவிடம். ஆனால் கண் போனதெல்லாம் தங்கையிடம். வளர்ந்த ஒரு மனுஷி பந்தைப் போட்டுப் போட்டு எதற்காகப் பிடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். துணி மடிக்கும்போதும் மருந்து எடுத்துவைக்கும்போதும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பல்லி மிஸ்ஸுக்குச் சம்பளம் தரும் வேலை தண்ணீர் மீட்டர் படிப்பது. தெருத் தெருவாக நடந்து, இரும்பு மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வேலையில் எல்லாரும் கால் வலி என்று விடுப்பு கேட்பார்கள். இவள் மட்டும் பக்கத்துத் தெருவையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள். பள்ளியில் படிக்கும்போது ஓட்டத்தில் கடைசியாக வருவாளாம். நடைப் போட்டிக்கு ஆளே இல்லாததால் அதில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அங்கே முதலாவதாக வந்தாள். ஒட்டிக்கொண்டாள்.

நடைப் போட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் அவளே நடந்து காட்டினாள். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், கீழே கால் இரண்டும் கத்தரிக்கோல்போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் எல்லாரும் அப்படித்தான் சிரித்தார்களாம். தங்கை பயிற்சிக்குப் போகும்போது, தெரியாதவள்போல எதிர்ப்பக்கமாகப் போவேன் என்று அக்காவே ஒப்புக்கொண்டாள். ஓடக் கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்பது ஒரு விதி. அடுத்த விதிதான் ஆளைக் கொல்வது. முன்னால் வைக்கும் கால் தரையைத் தொடும் அந்த நொடியிலேயே முட்டி நேராக இருக்க வேண்டும். உடம்பு அதன்மேல் வந்து நிற்கும்வரை மடங்கவே கூடாது. வழி நெடுக நடுவர்கள் நின்று முட்டியை மட்டும் பார்ப்பார்கள். மடங்கினால் சிவப்பு அட்டை எழுதுவார்கள். மூன்று பேர் எழுதினால் போட்டியிலிருந்து வெளியே.

அவளுக்கு ஒரு கல்யாணமும் நடந்திருக்கிறது. அது ஒரு வருடம்கூட நிற்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவரு மெதுவா நடப்பாரு" என்றாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

மாலையில் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் ஒரு விளையாட்டு கிளப்பின் பிள்ளைகளுக்கு நடை சொல்லிக்கொடுப்பாள். ஓட்டத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்கள்தான் அவளிடம் வருவார்கள். அதில் ஒருத்தி தேறினாள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் பெண். நாள் முழுக்க நின்று வேலை செய்யும் கால், சொன்னதைச் சொன்னபடி செய்யும் புத்தி. மைதானத்தில் எல்லாரும் அவளை இஸ்திரி என்றே கூப்பிட்டார்கள்.

முன்பெல்லாம் பல்லி மிஸ் கத்தித்தான் சொல்லிக்கொடுப்பாள். முட்டி, தோள், கை, பார்வை என்று ஒரே மூச்சில் ஏழெட்டு விஷயத்தைக் கூவுவாள். நடக்கிறவள் எதைக் கேட்பாள்? அப்புறம் கிளப் செயலாளர் அவளை ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார். அங்கேதான் இந்தப் பெட்டியைக் கொடுத்தார்கள். முறை ரொம்ப எளிது. ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அது சரியாக நடக்கும் அந்தக் கணத்தில் 'டக்'. நடக்காவிட்டால் சத்தம் இல்லை, திட்டும் இல்லை. உடம்பு அந்த 'டக்'கைப் பிடித்துக்கொண்டு தானாகவே அந்த இடத்துக்குத் திரும்ப வரும். வாயை மூடிக்கொண்டு கற்றுக்கொடுக்கலாம் என்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இஸ்திரிக்கு அதைவிடப் பிடித்தது. கடையில் நாள் முழுக்கத் திட்டு கேட்டுவிட்டு வருகிறவள் அவள்.

மாதக்கணக்காக 'டக்' வாங்கியபின் இஸ்திரி போட்டிக்குப் போனாள். முட்டி மடங்குகிறது என்று வெளியே அனுப்பினார்கள். அடுத்த போட்டியிலும் அதே கதை. செயலாளர் இஸ்திரியைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் ஓட்ட மாஸ்டரிடம் மாறிக்கொள், இல்லை நடையே போதும் என்றால் அதையாவது எனக்குச் சொல் என்றார். பல்லி மிஸ்ஸிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இஸ்திரி போனால் நடைப் பிரிவு கிடையாது. மிச்சம் இருக்கிற இரண்டு மூன்று பிள்ளைகளுக்காக மைதானத்தில் ஒரு ஓரத்தை ஒதுக்க முடியாது.

இரண்டாவது போட்டி முடிந்து வரும்போது பல்லி மிஸ் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் அழவில்லை, கோபப்படவும் இல்லை. புரியாமல்தான் சொல்லியிருக்கிறாள். "நீங்க 'டக்'னு அழுத்திச் சொன்னதத்தான் மிஸ் செய்றேன்."

இந்த வாக்கியம்தான் பல்லி மிஸ்ஸை வீட்டுத் தரையில் பந்தோடு உட்காரவைத்தது. முகாமில் சொல்லியிருக்கிறார்கள்: யாருக்கும் சொல்லிக்கொடுக்கும் முன் உங்கள் கட்டைவிரலுக்குச் சொல்லிக்கொடுங்கள், பந்து தரையைத் தொடும் கணத்தில் அழுத்திப் பழகுங்கள் என்று. அவள் அதை அங்கேயே கொஞ்சம் செய்துவிட்டு விட்டுவிட்டாள். பந்து விழுவதும் ஒரு பாடமா என்று நினைத்திருக்கிறாள். இப்போது மீட்டர் படித்துவிட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். தான் நன்றாகத்தான் அழுத்துகிறோம் என்ற எண்ணத்தோடேயே அதைச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் அக்காவுக்கு நான் ஈரத்துணியால் முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பந்து. அக்கா கண்ணை மூடிக்கொண்டு சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "டொக்கு டக்கு, டொக்கு டக்கு. ரெண்டும் ஒண்ணா வந்து தொலைச்சாலாவது தூங்கலாம்."

பந்துச் சத்தம் நின்றது. பல்லி மிஸ் அறை வாசலில் வந்து நின்றாள். "ரெண்டாவா கேக்குது?"

"பின்ன? பந்து ஒண்ணு, உன் பல்லி ஒண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அதுவரை காது கொடுத்துக் கேட்டதில்லை. மறுபடியும் போடச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். ஆமாம், இரண்டுதான். பந்து முன்னால், பெட்டி பின்னால், நடுவில் ஒரு மயிரிழை. கண்ணால் பார்த்தபோது எனக்கும் ஒன்றாகத்தான் பட்டது. பார்க்காமல் கேட்டால் தனித்தனியாக இருந்தது. அழுத்துகிற ஆளுக்கு மட்டும் எப்போதுமே ஒன்றாகப் படுகிறது. இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கைக்கு உத்தரவு போட்ட நேரத்தையே கை செய்து முடித்த நேரம் என்று மூளை கணக்கு வைத்துக்கொள்கிறதோ என்னவோ.

பல்லி மிஸ் கைப்பேசியை எடுத்து வந்து அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தாள். போட்டிக்கு முன்னால் மைதானத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. இஸ்திரி நடக்கிறாள், படத்தில் 'டக்', 'டக்' என்று சத்தமும் கேட்கிறது. அதை மெதுவாக ஓடும்படி மாற்றினாள். மூன்று பேரும் தலையைக் குனிந்து பார்த்தோம். குதிகால் தரையைத் தொடுகிறது. முட்டி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. உடம்பு அதன்மேல் வருகிறது. அப்போதுதான் முட்டி வெடுக்கென்று பின்னால் போய் நேராகிறது. அந்த வெடுக்கின்மேல்தான் 'டக்' விழுகிறது. மெதுவாக ஓடியதால் அந்தச் சத்தம், துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல இழுத்துக்கொண்டு வந்தது. அடுத்த காலடியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

பெட்டி வருவதற்கு முன்னால் எடுத்த பழைய படத்தையும் போட்டாள். அதில் முட்டி ஒரு அடிக்கு நேராக இருந்தது, ஒரு அடிக்கு மடங்கியது, ஒழுங்கே இல்லை. புதிய படத்தில் எல்லா அடியும் ஒரே மாதிரி. அச்சு பிசகாத தப்பு.

"அவ தப்பா கத்துக்கலக்கா," என்றாள் பல்லி மிஸ். "நான் லேட்டா சொன்னத, லேட்டாவே கத்துக்கிட்டா."

அன்றிலிருந்து மைதானத்தில் பெட்டியை எடுக்கவில்லை. பிள்ளைகளை மெதுவாக நடக்கவைத்துவிட்டு வந்தாள். இஸ்திரி கேட்டபோது பெட்டியை மறந்து வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அது உங்கள் பாக்கெட்டில் துருத்திக்கொண்டு நிற்கிறதே மிஸ் என்றாளாம் அவள்.

வீட்டில் பந்து நிற்கவில்லை. இப்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு சொல்லுவாள். ரெண்டு. ரெண்டு. ரெண்டு. ஒண்ணு. ரெண்டு. டிக்கெட் கவுண்டரில் செல்லாத நோட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருக்கும் அந்தக் குரல். பந்து தரையைத் தொடுவதைப் பார்த்துவிட்டு அழுத்தினால் நேரம் போய்விடுகிறது, தொடப்போவதைப் பார்த்தே கட்டைவிரலைக் கிளப்ப வேண்டும் என்று பல்லி மிஸ் கண்டுகொண்டாள். சில நாளில் அக்கா வரிசையாக ஒண்ணு, ஒண்ணு என்று சொல்லும்படி ஆயிற்று. சொல்ல அவளுக்கு மனசே இல்லை என்பது குரலில் தெரிந்தது.

ஆனால் பந்து ஏமாற்றாது. கையை விட்டால் விழுந்தே தீரும். மனுஷக் கால் அப்படியா? பல்லி மிஸ் பால்கனியில் நின்று தெருவில் போகிறவர்கள் காலைப் பார்த்து அழுத்திப் பார்த்தாள். பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்து, யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மேலும், தெருவில் போகிறவர்கள் புடவையிலும் வேட்டியிலும் கால்சட்டையிலும் முட்டியை மூடிக்கொண்டு போகிறார்கள். அப்போதுதான் அவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா நைட்டியை முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைப் பாக்காத," என்றாள் அக்கா.

ஆனால் எழுந்தாள். நான் அவள் இடுப்பில், விழாமல் தாங்கும் பட்டையைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டேன். வாக்கரை முன்னால் வை, பிறகு அடிபட்ட கால், பிறகு நல்ல கால். இடைவழியில் ஒரு முனையில் நாங்கள், மறு முனையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் தங்கை. அடிபட்ட காலின் குதி தரையைத் தொடும்போது 'டக்'. முதல் தடவை நன்றாகவே வந்தது. பந்தில் பழகிய கை. தொடப்போவதைப் பார்த்தே அழுத்தினாள்.

இரண்டாவது தடவை அக்கா காலைத் தூக்கி முன்னால் கொண்டுபோனாள், தரைக்கு மேலே அப்படியே நிறுத்தினாள். 'டக்' என்று சத்தம் வந்தது. கால் காற்றில் தொங்கியது.

"எங்கடி மிதிச்சேன்?" என்றாள் அக்கா. அவள் சிரித்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு நாளைக்கு என்ற சொல் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "அவ வந்துட்டாளா?" என்பாள். வாக்கரைக் கொண்டுவா என்பாள். தங்கையை ஏமாற்றுவதற்காக இடைவழியில் போய்ப் போய் வந்தாள். ஒரு தடவை மிதிப்பாள், ஒரு தடவை தொங்கவிடுவாள், ஒரு தடவை தொங்கவிடுவதுபோலக் காட்டிவிட்டு மிதிப்பாள். உடைந்த இடுப்போடு இந்த விளையாட்டெல்லாம் கூடாது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பிறகு பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். டாக்டரும் நானும் கெஞ்சி நடக்காத கால், தங்கையைத் தோற்கடிக்க நடக்கிறது. நடந்தால் சரி.

பல்லி மிஸ் திணறினாள். தொடுவதைப் பார்த்து அழுத்தினால் தாமதம். தொடப்போகிறது என்று நம்பி அழுத்தினால் ஏமாற்றம். தாமதம் இஸ்திரியின் முட்டியைக் கெடுத்தது என்றால், இந்த ஏமாற்றம் செய்யாததையே செய்தாய் என்று சொல்லிவிடும். இரண்டில் எது மோசம் என்று அவளும் நானும் முட்டைக்கோஸ் நறுக்கும்போது பேசினோம். அக்கா உள்ளேயிருந்து, ரெண்டுமே உனக்கு நல்லா வருது என்றாள்.

ஒரு மாலை அக்கா வழக்கம்போலக் காலைத் தொங்கவிட்டாள். 'டக்' வரவில்லை. சரி என்று மிதித்து நடந்தாள். அடுத்த அடிக்கு 'டக்' சரியாக வந்தது. மறுபடி தொங்கவிட்டாள். சத்தம் இல்லை. காட்டிவிட்டு மிதித்தாள். 'டக்', அதுவும் குதி பட்ட அதே கணத்தில். அக்கா நின்றுவிட்டாள். கள்ள ஆட்டம் ஆடுகிறாயா என்று கேட்டாள்.

தங்கை தரையில் உட்கார்ந்தபடியே, அக்காவின் குதிகாலை அல்ல, முட்டியைக் காட்டினாள். "நீ மிதிக்கப் போறன்னா, கால் காத்துல இருக்கறப்பவே முட்டி நீண்டுடுது. ஏமாத்தப் போறன்னா மடங்கியே இருக்கு. நீ முடிவு பண்றது எனக்கு முன்னாடியே தெரியுதுக்கா."

அக்கா குனிந்து தன் முட்டியை ஏதோ காட்டிக்கொடுத்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். காலைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். உண்மைதான். எத்தனையோ பேரைக் கைப்பிடித்து நடக்கவைத்திருக்கிறேன், கால் தரைக்கு வருவதற்கு முன்னால் முட்டி தன் வேலையை முடித்துவிடுகிறது என்பதை நான் கவனித்ததே இல்லை.

ஆகவே பார்க்க வேண்டிய இடம் வேறு. இவ்வளவு காலமும் அவள் இஸ்திரியின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதம் பட்டபின் முட்டிக்குக் கண்ணை ஏற்றி, நேராகிவிட்டது என்று தெரிந்தபின் அழுத்தியிருக்கிறாள். கால் இன்னும் காற்றில் இருக்கும்போதே முட்டியைப் பார்க்க வேண்டும். அங்கே நீண்டுவிட்டதா, கட்டைவிரல் கிளம்பலாம், போய்ச் சேரும்போது குதி தரையில் இருக்கும். நீளவில்லையா, கட்டைவிரல் கிளம்பவே கூடாது. அன்று அவள் இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆனால் மாதக் கடைசி வந்துவிட்டது. மறுநாள் மாலைக்குள் இஸ்திரி செயலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். பல்லி மிஸ் அவளை வீட்டுக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று அக்காவுக்குத் தெரியும்.

"சொல்லாத," என்றாள் அக்கா. "நீ திருந்திட்ட இல்ல, சத்தமில்லாம சரியா அழுத்து. அவளும் தானா சரியாயிடுவா. சொன்னா அந்த ஓட்டக்காரன்கிட்ட போயிடுவா. நானா இருந்தா போயிடுவேன்."

தங்கை யோசித்துத்தான் பதில் சொன்னாள். "நேத்து வரைக்கும் சரின்னு கேட்ட எடத்துல இன்னைக்குச் சத்தம் வராது. அவ என்னைச் சந்தேகப்பட மாட்டாக்கா. தன்னையே சந்தேகப்படுவா."

இஸ்திரி வேலை முடித்து வந்தாள். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். சமையலறையில் உட்காரவைத்து, பல்லி மிஸ் அதிகம் பேசாமல் படத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். குதி படுவதைக் காட்டினாள், முட்டி நேராவதைக் காட்டினாள், 'டக்' எங்கே விழுகிறது என்பதைக் காட்டினாள். உன் காலில் கோளாறு இல்லை, என் கட்டைவிரலில்தான் என்று சொன்னாள். பிறகு சும்மா இருந்தாள். கத்திப் பழகிய வாய்க்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்தப் பெண் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். பெட்டியைக் கையில் வாங்கி ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். "இஸ்திரி மேசைகிட்ட நின்னுகூட இதையே பழகினேன் மிஸ். முட்டிய வெடுக்குனு இழுத்து இழுத்து."

"தெரியும்."

"அந்தச் சிவப்பு அட்டையெல்லாம் உங்க பேர்ல எழுதியிருக்கணும்."

"ஆமா," என்றாள் பல்லி மிஸ்.

அந்தப் பெண் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். போகிறேன் என்றோ வருகிறேன் என்றோ சொல்லவில்லை. படியில் இறங்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. பல்லி மிஸ் பாதி நறுக்கிய காயை எடுத்து நறுக்கி முடித்தாள். இரவு வழக்கத்தைவிட முன்னதாகவே இடைவழியில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். பந்தைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் அக்காவுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தபோது கதவைத் தட்டினார்கள். இஸ்திரிதான். தோளில் வேலைக்குப் போகும் பை, காலில் நடைக்குப் போடும் ஷூ. பல்லி மிஸ் மீட்டர் படிக்கக் கிளம்பி நின்றாள். செயலாளரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள்.

"இன்னும் இல்ல. முதல்ல பந்தப் போடுங்க."

அவள் சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். பல்லி மிஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே பந்தை எடுத்தாள். விட்டாள், அழுத்தினாள், பிடித்தாள்.

"ஒண்ணு," என்றாள் இஸ்திரி.

மறுபடியும் ஒண்ணு. மறுபடியும். அடுத்ததற்கு அந்தப் பெண் தலையைச் சாய்த்தாள். "இது ரெண்டு."

"ரெண்டுதான்," என்று உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்.

பல்லி மிஸ் மறுப்புச் சொல்லாமல் தொடர்ந்து போட்டாள். இஸ்திரி கேட்டுக்கொண்டே நின்றாள். திருப்தி ஆனதும் கண்ணைத் திறந்து, தினமும் என் முட்டியைப் பார்க்கும் முன் இந்தப் பந்து நடக்க வேண்டும், நான் கேட்க வேண்டும், சரி என்று நான் சொன்னபிறகுதான் பெட்டியை மைதானத்தில் எடுக்க வேண்டும் என்றாள். பல்லி மிஸ் சரி என்றாள். அந்தப் பெண் அங்கேயே நின்று செயலாளருக்குப் போன் செய்து, ஓட்டத்துக்கு வரவில்லை சார், நடையிலேயே இருக்கிறேன் என்று சொன்னாள். அவர் ஏதோ நீளமாகப் பேசினார். கேட்டுவிட்டு, சரிங்க சார், ஆனால் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள். வேலைக்குப் போகக் கொஞ்சம் நேரம் இருந்தது. இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. வாக்கரைத் தானே இழுத்துக்கொண்டாள். நான் ஓடிப் போய்ப் பட்டையைக் கட்டிப் பிடித்தேன். பால்கனி வரை அவள் அதுவரை நடந்ததில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். பஞ்சர் கடை இன்னும் திறக்கவில்லை. அந்தப் பெண் தெரு ஓரமாக மெதுவாக நடந்தாள், ஒவ்வொரு காலாக வைத்துப் பார்க்கிறதுபோல. பக்கத்தில் பல்லி மிஸ், கண் முட்டியில், பெட்டி பிடித்த கை பாக்கெட்டுக்கு வெளியே. சத்தமே இல்லை.

"ஏன் 'டக்' ஒண்ணும் கேக்கல?" என்றாள் அக்கா.

இன்னும் சரியாக வந்திருக்காது என்றேன்.

தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு 'டக்' வந்தது. அந்தப் பெண் நின்று, தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, பின்னால் வந்து அதே அடியை மறுபடி வைத்தாள்.

அக்கா வாக்கரைத் திருப்பினாள். முதலில் அடிபட்ட கால், பிறகு நல்ல கால். நான் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.